மதம், அறம், அரசு, வன்முறை: நவீன மெய்யியலின் விமர்சனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் இருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஜெர்மன் மெய்யியலாளர் நீட்சே, ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், விமர்சகர் வால்டர் பெஞ்சமின், அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் ஆகியோரைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருகிறோம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதே ஐயங்களோடுதான் வருகிறார்கள். வாய்மொழியாகப் பலமுறை சொன்ன விடைகளை ஓரிடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று நண்பர்கள் வற்புறுத்தியதால் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

விமர்சனம் என்றால் குறை சொல்வதுதானே? இவர்களுக்கு மதமும் பிடிக்கவில்லை, அரசும் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே?

இல்லை. 1781இல் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் இந்தச் சொல்லைத் தம் நூலின் தலைப்பில் வைத்தபோது, மனித அறிவு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று எல்லை அளப்பதையே அதன் பொருளாகக் கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சொல் இன்னொரு பணியையும் ஏற்றுக்கொண்டது. என்றும் உள்ளது, இயல்பானது என்று நாம் நம்பும் ஒன்று எப்போது, யாரால், எந்தத் தேவைக்காக உண்டானது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதே அந்தப் பணி.

வீடு வாங்குமுன் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்கிறோம். அப்படிக் கேட்பவர் வீட்டை இடிக்க வந்தவர் அல்லர். அதில் குடியிருக்கப் போகிறவர் என்பதால்தான் கேட்கிறார். இந்தச் சிந்தனையாளர்களையும் அவ்வாறே படிக்கலாம் என்பது என் கருத்து.

மதம் ஓர் அபின் என்று மார்க்ஸ் சொன்னார். அப்படியானால் பக்தர்கள் எல்லோரும் போதையில் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

அந்த ஒரு தொடரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. 1844இல் வெளியான ஒரு கட்டுரையில் அத்தொடர் வருகிறது. அதற்கு முந்தைய வரிகளில் மார்க்ஸ் மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும், இதயமற்ற உலகின் இதயம் என்றும் அழைக்கிறார். அக்காலத்து ஐரோப்பாவில் அபின் மருந்துக் கடைகளில் விற்கப்பட்ட வலி நிவாரணி என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். வலி பொய் என்று அவர் சொல்லவில்லை. மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்து, வலி எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிடாதீர்கள் என்கிறார்.

அவருக்கு முன்பே, 1841இல், ஜெர்மன் மெய்யியலாளர் லுத்விக் ஃபாயர்பாக் இதற்கு வழி திறந்திருந்தார். அன்பு, நீதி, அறிவு என்று மனிதன் தன்னிடம் உள்ள மிகச் சிறந்தவற்றைத் தன்னிடமிருந்து பிரித்து, வானத்தில் ஒரு தனி உருவமாக நிறுத்தி, பிறகு அதன் முன் தன்னை வெறுமையானவனாக உணர்கிறான் என்பது அவருடைய கருத்து. இதில் மதத்தின் மீது ஏளனம் இல்லை. மனிதர்கள் எவற்றை மேலானவையாகக் கருதினார்கள் என்பதற்கு மதமே சான்று என்று எண்ணியவர் அவர்.

‘கடவுள் இறந்துவிட்டார்’ என்று நீட்சே கொண்டாடினாரா?

1882இல் வெளியான நூலில் அந்தப் பகுதியை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். பட்டப்பகலில் கையில் விளக்கேற்றிக்கொண்டு ஒரு பித்தன் சந்தைக்குள் ஓடிவருகிறான். கடவுளைத் தேடுகிறேன் என்று கத்துகிறான். அங்கே நிற்பவர்களில் பலர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். குழந்தையைப் போல வழிதவறிப் போய்விட்டாரா, ஒளிந்துகொண்டிருக்கிறாரா என்று அவர்கள் சிரிக்கிறார்கள். நாம்தான் அவரைக் கொன்றோம், நீங்களும் நானும் கொன்றோம் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் புரியாததைக் கண்டு, அவன் விளக்கைத் தரையில் போட்டு உடைக்கிறான். நான் மிக முன்னதாக வந்துவிட்டேன் என்கிறான்.

இங்கே பித்தனின் பேச்சு பக்தர்களை நோக்கியதன்று. தாங்கள் கடவுளை விட்டுவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொல்லும் படித்தவர்களை நோக்கியது. கடவுளை விட்டுவிட்டு, அவர் மேல் கட்டிய அறத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களே, அதற்கு இனி எது அடித்தளம் என்பதே அவன் பதற்றம்.

பெரியார் சொன்னதைத்தான் நீட்சேயும் சொன்னாரா?

இருவரும் மூலத்தைக் கேட்டார்கள் என்ற அளவில் ஒற்றுமை உண்டு. ஆனால் பெரியாரின் மத மறுப்புக்குச் சமத்துவமும் சுயமரியாதையுமே இலக்கு. நீட்சே சமத்துவத்தையே ஐயத்தோடு பார்த்தவர். இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பது கீழே மனுஸ்மிருதி பற்றிய விடையில் தெரியும்.

அறத்தையே சந்தேகிக்கலாமா? நல்லது நல்லதுதானே, கெட்டது கெட்டதுதானே?

‘நல்லது’ என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு என்பதை 1887இல் நீட்சே மூன்று கட்டுரைகளில் காட்ட முயன்றார். முதற்கட்டுரையின்படி, தொடக்கத்தில் ஆள்வோர் தங்களையும் தங்கள் செயல்களையும் ‘நல்லது’ என்று அழைத்தார்கள். எதிரில் இருந்த எளியோரை வெறுமனே ‘தாழ்ந்தது’ என்றார்கள். பின்னர், திருப்பி அடிக்க வலுவற்றவர்களின் உள்ளத்தில் நீண்ட காலம் புழுங்கிய மனக்காழ்ப்பு இந்த மதிப்பீட்டைத் தலைகீழாக்கியது. வலியவன் ‘தீயவன்’ ஆனான். பணிவும் பொறுமையும் அறமாயின.

நம் வாழ்விலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் பொறுத்துக்கொண்டுவிட்டு, ‘நான் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்’ என்று சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையிலேயே பெருந்தன்மையா, இயலாமைக்கு இட்ட அழகான பெயரா என்பதை நேர்மையாகச் சொல்வது எளிதன்று. நீட்சே விரல் வைப்பது அந்த இடத்தில்தான்.

குற்ற உணர்வுகூடக் கடனிலிருந்து வந்தது என்கிறாராமே, அது எப்படி?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சற்று நீளமாகவே விடை சொல்வேன், ஏனென்றால் தமிழில் படிப்பவர்களுக்கு இது வேறு எவரையும்விட எளிதில் விளங்கும். ஜெர்மன் மொழியில் குற்றத்தைக் குறிக்கும் ‘ஷுல்ட்’ என்ற சொல்லே கடனையும் குறிக்கிறது. கடன் கொடுத்தவன், வாங்கியவன் என்ற உறவுதான் மிகப் பழைய மனித உறவு என்றும், திருப்பித் தராதவனின் உடலில் வலியை உண்டாக்கி ஈடு பெறும் வழக்கத்திலிருந்தே தண்டனையும் குற்ற உணர்வும் வளர்ந்தன என்றும் நீட்சே இரண்டாம் கட்டுரையில் வாதிடுகிறார். பழைய ரோமின் பன்னிரு பலகைச் சட்டம், கடன் தீர்க்காதவனின் உடலைக் கடன் கொடுத்தவர்கள் வெட்டிப் பங்கிட்டுக்கொள்ள இடமளித்ததையும், கூடவோ குறையவோ வெட்டினால் குற்றமில்லை என்று அது சொன்னதையும் அவர் சான்று காட்டுகிறார்.

பிறகு இந்தக் கடன் முன்னோர்பால் திரும்புகிறது. அவர்களுடைய தியாகத்தால்தான் நம் குலம் நிற்கிறது, அதைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும் என்ற அச்சம், குலம் செழிக்கச் செழிக்கக் குறையாமல் ஏறுகிறது. இறுதியில் முன்னோன் தெய்வமாகிறான். நாம் ‘நேர்த்திக்கடன்’ என்கிறோம், ‘நீத்தார் கடன்’ என்கிறோம். அப்பர் ‘என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்று பாடினார். வங்கியில் வாங்குவதும் கடன். தெய்வத்துக்குச் செலுத்துவதும் கடன். செய்தே தீர வேண்டியதும் கடன்.

புறநானூற்றின் 312ஆம் பாட்டைப் பாருங்கள். ஈன்று வளர்த்துத் தருவது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன், நன்னடை நல்குவது வேந்தனுக்குக் கடன், வாளேந்திப் போர்க்களம் புகுந்து யானையை வெட்டி மீள்வது மகனுக்குக் கடன். குடும்பம், அறம், அரசு, போர் நான்கும் ஒரே சொல்லில் கோக்கப்பட்ட பாட்டு இது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது பெருமிதத்தோடு சொன்ன இதே பாட்டை, நீட்சேயைப் படித்த பிறகு நான் வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கினேன். மகன் பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறான். கடன்பத்திரத்தில் அவனுடைய கையெழுத்து இல்லை.

நீட்சே ஹிட்லரின் தத்துவவாதிதானே? அவரை ஏன் படிக்க வேண்டும்?

நீட்சே 1889 ஜனவரியில் டூரின் நகரில் மனநலம் குலைந்து, 1900இல் இறந்தார். யூத வெறுப்பு இயக்கத்தை அவர் வெளிப்படையாக அருவருத்தார். அந்த இயக்கத்தவரான பெர்ன்ஹார்ட் ஃபோர்ஸ்டரை மணந்த தங்கை எலிசபெத், அண்ணனின் கையெழுத்துப் பிரதிகளைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, அவர் வெளியிடாத குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினார்; பின்னாளில் நாஜிகளை வரவேற்றார். இவ்வளவும் உண்மை.

ஆனால் தங்கை மேல் பழியைப் போட்டு அண்ணனை முழுவதும் விடுவித்துவிடவும் முடியாது. 1888இல் அவர், பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜக்கோலியோவின் நம்பகமற்ற மொழிபெயர்ப்பில் மனுஸ்மிருதியைப் படித்தார். சண்டாளர்களுக்கு விதிக்கப்பட்ட கொடுமைகளை எடுத்தெழுதி, மக்களை ‘அறவழிப்படுத்த’ நடந்த முயற்சிகள் எல்லாம் அறமற்ற வழிகளையே கையாண்டன என்று அம்பலப்படுத்தினார். அதே ஆண்டில் எழுதிய இன்னொரு நூலில், அந்த ஏற்றத்தாழ்வு அமைப்பையே பைபிளுக்கு மேலானதாகப் புகழ்ந்தார். சாதியின் சுமை தெரிந்த எவரும் இங்கே அவரோடு ஒத்துப்போக முடியாது; நானும் ஒத்துப்போகவில்லை. இந்த ஒழுங்கின் விலையை யார் கொடுத்தார்கள் என்று அவரிடம் கற்ற கேள்வியையே அவர் பக்கம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அரசுக்கும் வன்முறைக்கும் என்ன தொடர்பு? அரசு வன்முறையைத் தடுக்கத்தானே இருக்கிறது?

1919 ஜனவரி 28 அன்று மாக்ஸ் வேபர் மியூனிக்கில் மாணவர்கள் முன் ஆற்றிய உரை இதற்கு நேரடி விடை. ஜெர்மனி போரில் தோற்று, அரசர் ஓடி, புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம். இரண்டு வாரத்துக்கு முன்தான் பெர்லினில் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டிருந்தார். அந்தச் சூழலில் வேபர் அரசை அதன் நோக்கத்தால் வரையறுக்க மறுத்தார். பள்ளி நடத்துவது, சாலை போடுவது, கோயிலைக் காப்பது என்று எல்லாவற்றையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அமைப்புகள் செய்திருக்கின்றன. ஒரு நிலப்பரப்புக்குள் முறையான உடல்வலிமைப் பயன்பாட்டுக்குத் தனக்கு மட்டுமே உரிமை என்று கோரி, அக்கோரிக்கையில் வெற்றியும் பெறும் மனிதக் கூட்டமே அரசு என்றார்.

‘முறையான’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பலர் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். அரசு எந்நேரமும் அடித்துக்கொண்டே இருக்கிறது என்பது இதன் பொருளன்று. அடிக்கும் உரிமை அதனிடம் மட்டுமே உள்ளது என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பொருள். மரபாலும், தலைவரின் தனி ஈர்ப்பாலும், சட்டத்தின் மேலுள்ள நம்பிக்கையாலும் இந்த ஏற்பு உண்டாகிறது என்று அவர் மூன்றாகப் பிரித்தார்.

நான் வரி கட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன். யாரையும் அடிக்கவில்லை. இதில் என் பொறுப்பு எங்கே வருகிறது?

டால்ஸ்டாய்க்கும் இந்தக் கேள்விதான் உறக்கத்தைக் கெடுத்தது. 1892 செப்டம்பர் 9 அன்று, பஞ்சம் பாதித்த பகுதிக்கு ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, துலாவுக்கு அருகே ஒரு நிலையத்தில் அவர் ஒரு சிறப்பு ரயிலைக் கண்டார். ஆளுநரும் படைவீரர்களும் அதில் இருந்தனர். துப்பாக்கிகளோடு, கசையடிக்கான பிரம்புகளும் ஏற்றப்பட்டிருந்தன. ஒரு நிலப்பிரபு காட்டை வெட்டுவதைத் தடுத்த குடியானவர்களை அடக்க அவர்கள் சென்றுகொண்டிருந்தார்கள். வீரர்கள் கொடியவர்களாகத் தெரியவில்லை. அதே குடியானவர் வீடுகளில் பிறந்த, நல்ல சுபாவமுள்ள இளைஞர்கள் அவர்கள்.

இந்தக் காட்சியிலிருந்து அவர் கண்டுகொண்டது, கொடுமை எப்படிச் சிறுசிறு துண்டுகளாகப் பங்கிடப்படுகிறது என்பது. மேலே இருப்பவர் கையெழுத்து மட்டும் போடுகிறார். நடுவில் இருப்பவர் உத்தரவை அனுப்புகிறார். கீழே இருப்பவர் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார். எவரும் தான் செய்ததாக உணர்வதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நூல் ரஷ்யாவில் தடை செய்யப்பட்டது; 1901இல் திருச்சபை அவரை விலக்கியது. வரி கட்டும் உங்களுடைய பங்கு எவ்வளவு என்று எண்ணால் சொல்ல முடியாது. சுழியம் என்று மட்டும் சொல்ல முடியாது.

டால்ஸ்டாய் திருக்குறளைப் படித்திருந்தார் என்பது உண்மையா?

உண்மை. 1908 டிசம்பரில், ஆங்கிலேயரை ஆயுதத்தால் எதிர்க்க வேண்டும் என்று எழுதிய வங்காள இளைஞர் தாரக்நாத் தாஸுக்கு அவர் எழுதிய நீண்ட மடலில் குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து மேற்கோள்கள் உள்ளன. ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்’ என்ற 314ஆம் குறள் அவற்றில் ஒன்று. முப்பதாயிரம் பேர் இருபது கோடிப் பேரை அடிமைப்படுத்தினார்கள் என்றால், அந்த இருபது கோடியினரின் ஒத்துழைப்பே அதைச் சாத்தியமாக்கியது என்பது மடலின் மைய வாதம். காந்தி அதைக் குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஹெர்மன் காலன்பாக்கின் 1,100 ஏக்கர் நிலத்தில் தொடங்கிய சத்தியாகிரகப் பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரை வைத்தார். அங்கே தங்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

ஆனால் நாம் பெருமைப்பட்டு நின்றுவிடக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. திருக்குறளின் 550ஆம் குறள், ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்கிறது. பயிரைக் காக்கக் களை பிடுங்குவதுபோல, வேந்தன் கொடியவரைக் கொலையால் தண்டிக்கலாம். 314 துறவறவியலில் இருக்கிறது. 550 பொருட்பாலின் செங்கோன்மையில் இருக்கிறது. துறவிக்கு ஓர் அறம், வேந்தனுக்கு வேறோர் அறம். வேபர் தம் மியூனிக் உரையில் இந்தியச் சிந்தனை இந்தச் சிக்கலை இப்படித்தான், ஆளுக்கொரு தர்மமாகப் பிரித்துத் தீர்த்தது என்று குறிப்பிட்டார். நாமோ ஒரே ஆளாக இருந்துகொண்டு வாக்கும் செலுத்துகிறோம், மன்னிக்கவும் விரும்புகிறோம். அந்தப் பாகப்பிரிவினை நமக்கு உதவாது.

சட்டப்படி நடந்தால் அது எப்படி வன்முறை ஆகும்?

1921இல் பெஞ்சமின் எழுதிய கட்டுரையின் தலைப்பிலுள்ள ‘கெவால்ட்’ என்ற ஜெர்மன் சொல், வன்முறை, அதிகாரம் இரண்டையும் குறிக்கும். தமிழில் ‘வன்முறை’ என்றவுடன் தெருக்கலவரம் நினைவுக்கு வருகிறது. நீதிமன்ற ஆணை நினைவுக்கு வருவதில்லை. மொழிபெயர்ப்பில் தொலைந்துபோவது இதுதான். சட்டத்தை உண்டாக்கும் வன்முறை, சட்டத்தைக் காக்கும் வன்முறை என்று அவர் இரண்டைப் பிரித்தார். காவல்துறையில் இந்த இரண்டும் கலந்துவிடுகின்றன என்றார். காவலர் சட்டத்தைக் காப்பதற்காக வந்தவர். ஆனால் தெளிவான சட்டம் இல்லாத தருணத்தில், பாதுகாப்பின் பெயரால், அந்த இடத்திலேயே அவர் ஒரு விதியை உண்டாக்கிவிடுகிறார். இரவு பத்து மணிக்குத் தெருமுனையில் ‘எங்கே போகிறாய், வண்டியை விட்டு இறங்கு’ என்று கேட்கப்பட்ட எவருக்கும் இதற்கு விரிவுரை தேவையில்லை.

அதிகாரமும் வன்முறையும் எதிரெதிரானவை என்கிறார் ஆரெண்ட். வேபர் சொன்னதற்கு இது நேர்மாறாக இருக்கிறதே, யார் சொல்வது சரி?

1970இல் வெளியான தம் சிறு நூலில் ஆரெண்ட் வேபரின் வரையறையைப் பெயர் சொல்லியே எதிர்க்கிறார். பலர் ஒன்றுசேர்ந்து செயல்படும்போது பிறப்பது அதிகாரம்; அவர்கள் கலைந்தால் அது மறைந்துவிடும். வன்முறைக்குத் தேவை ஆட்கள் அல்ல, கருவிகள். அதிகாரத்தின் உச்சம், எல்லோரும் ஒருவனுக்கு எதிராக நிற்பது; வன்முறையின் உச்சம், ஒருவன் எல்லோருக்கும் எதிராக நிற்பது. துப்பாக்கி முனையில் உடனடிக் கீழ்ப்படிதலைப் பெறலாம், அதிகாரத்தைப் பெற முடியாது.

என் பார்வையில், வேபரின் ‘முறையான’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்ததைத்தான் ஆரெண்ட் வெளியே எடுத்து வைத்தார். டால்ஸ்டாயின் இருபது கோடிக் கணக்கும் இதையே சொல்கிறது. ஆனால் ஆரெண்ட் டால்ஸ்டாயைப் போல முடிவுகட்டவில்லை. காந்தியின் வழி இங்கிலாந்துக்குப் பதிலாக ஹிட்லரின் ஜெர்மனியையோ ஸ்டாலினின் ரஷ்யாவையோ எதிர்கொண்டிருந்தால் படுகொலையில்தான் முடிந்திருக்கும் என்று எழுதினார். வன்முறை அதிகாரத்தை அழிக்க வல்லது, உண்டாக்க வல்லதன்று என்பது அவர் கருத்து.

அடிமைப்பட்டவன் திருப்பி அடிப்பதும் வன்முறையா?

1961இல் வெளியான நூலில் ஃபிரான்ஸ் ஃபனோன், காலனியத்தை நிறுவியதே வன்முறை என்பதால், அதை எதிர்க்கும் வன்முறை அடிமைப்பட்டவனின் தாழ்வுணர்வைக் கழுவுகிறது என்று வாதிட்டார். முதல் அத்தியாயத்தோடு நூலை மூடிவிடுபவர்கள் அதிகம். ஃபனோன் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்தவர். அந்த அனுபவத்தைப் பின்பகுதியில் பதிவுசெய்தார். கைதிகளைச் சித்திரவதை செய்யும் ஐரோப்பியக் காவல் அதிகாரி ஒருவர், வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கி, சிகிச்சைக்கு வருகிறார். வேலையை விட அவருக்கு விருப்பமில்லை. மனச்சாட்சி உறுத்தாமல் அதே வேலையைத் தொடர உதவுமாறு கேட்கிறார். விடுதலைக்காகக் குண்டு வைத்த ஒருவரின் உறக்கமின்மையும் அதே பக்கங்களில் இருக்கிறது. கழுவும் என்று சொன்னவரே கறையையும் எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை முழுதாகப் படிக்க வேண்டும்.

ஒன்றின் தொடக்கம் மோசமானது என்பதால் அது இன்று தவறாகிவிடுமா?

இந்த வகை விமர்சனத்துக்கு எதிராக எழுப்பக்கூடிய வலுவான கேள்வி இது. நீட்சேயே இதை அறிந்திருந்தார்: ஓர் அறம் பிழையிலிருந்து முளைத்தது என்று காட்டிவிட்டால் அதன் மதிப்பைப் பற்றிய கேள்வி தொடப்படவே இல்லை என்று எழுதினார். முதல் விடையில் சொன்ன உவமையின்படி, மூலப்பத்திரத்தில் வில்லங்கம் இருப்பதால் வீட்டுக் கூரை ஒழுகப் போவதில்லை. ஆனால் இந்த வீடு ஆதியிலிருந்தே எங்களுடையது, இது இயற்கை என்ற பேச்சு அதன்பின் செல்லாது.

கடைசியில் வன்முறை எப்போதாவது நியாயம் ஆகுமா, ஆகாதா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள்.

ஆம், இல்லை என்ற விடை இவர்களில் டால்ஸ்டாயிடம் மட்டுமே கிடைக்கும்: இல்லை. வேபர், தீமையை வலிமையால் எதிர்க்காத அரசியல்வாதி அத்தீமை பெருகுவதற்குப் பொறுப்பாளி ஆகிறான் என்றார். ஆரெண்ட், வன்முறைக்குச் சில வேளைகளில் நியாயம் காட்டலாம், முறைமை ஒருபோதும் கிடையாது என்றார். உடனடித் தற்காப்பில் வலுவாக இருக்கும் அந்த நியாயம், இலக்கு தொலைவில் போகப் போக நைந்துவிடும்.

என் மனத்துக்கு நெருக்கமானது பெஞ்சமின் சொன்னது. ‘கொல்லாதே’ என்ற கட்டளை, செய்து முடித்த செயலை அளக்கும் கோல் அன்று என்கிறார் அவர். செயல்படும் மனிதரோ சமூகமோ தனிமையில் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். மிகக் கொடிய நேரத்தில் அதை மீற நேர்ந்தால், மீறிய பொறுப்பைத் தாமே சுமக்க வேண்டும். கட்டளைக்கு விதிவிலக்குப் பட்டியல் எழுதிக்கொள்ள அவர் இடம் தரவில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வேபரின் உரையிலிருந்து தொடங்குங்கள். ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். அடுத்து ஆரெண்டின் சிறு நூல். நீட்சேயில் 1887ஆம் ஆண்டு நூலின் இரண்டாம் கட்டுரையை, புறநானூற்றுப் பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பெஞ்சமினை இறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து பக்கம்தான் என்றாலும், எங்கள் வட்டத்தில் அதற்கு நான்கு மாதங்கள் ஆயின.